வலது கால்

"பிரேக்கை மிதிச்சியா, ஆக்சிலேட்டரை மிதிச்சியா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இளவழகன் தன் மனைவியிடம் முதலில் கேட்டது அதுதான். உள்ளே அவன் தங்கை கலைமகளின் மேல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"பிரேக்கைத்தாங்க," என்றாள் தமிழ்நிலா.

ஐப்பசி மழை. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கிக்கொண்டு நாத்தனாரும் அவளும் நாகப்பட்டினத்திலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்; தமிழ்நிலாதான் ஓட்டினாள். வாய்க்கால் பாலத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தாள். கார் நிற்கவில்லை.

பாலத்துச் சுவரில் இடது பக்கம்தான் மோதியது. இடது பக்கம் கலைமகள் இருந்தாள்.

அதே கேள்வியைக் காரியம் முடிந்த அன்றும் கேட்டான். பொங்கலன்றும் கேட்டான். கேட்கக் கேட்க அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள், "தெரியலீங்க" என்றாள்.

அதன்பிறகு அவன் கேட்பதில்லை. "அவளுக்குப் பெடல் மாறிப்போச்சு" என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான்.

தையல் மெஷினில் உட்கார்ந்தால்கூட அவளுடைய வலது கால் நடுங்கியது.

மாசியில், கதவு மாற்றி பெயிண்ட் அடித்து வந்த காரை விற்க ஏற்பாடு செய்தான். வாங்குகிறவர், கம்பெனி ஆள் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றார். கார் கம்பெனியிலிருந்து மூஸா வந்தான்.

"வண்டியோட சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு பாக்கி நிக்குது சார். ஓனர் போன்லதான் சம்மதம் கேக்கும். அமுக்குங்க."

"அது எதுக்கு? விக்கிற வண்டிதானே."

"போடாம கைமாத்த முடியாது சார்."

இளவழகன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அமுக்கினான். வயர் எதுவும் இல்லை. காற்றிலேயே வந்து இறங்கியது. காரின் திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர்ந்தது.

"கடைமடை ஊருல்ல? சிக்னலும் ஆத்துத் தண்ணி மாதிரி, மேல எல்லாருக்கும் பாஞ்சது போக மிச்சம் இருந்தாத்தான் வரும் போல," என்று சிரித்தான் மூஸா.

தமிழ்நிலா டீ கொண்டுவந்தாள். காரின் பக்கம் பார்க்காமல், பேச்சுக்குக் கேட்டாள். "இது என்ன தம்பி பண்ணும்?"

மூஸா திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னான்.

"மழை ரோட்டுல பிரேக் மிதிச்சா, சில வண்டி உடனே பிடிக்காம ஓடிருக்குக்கா. அதைச் சரி பண்ணியிருக்காங்க."

டம்ளர் சாய்ந்து டீ அவள் விரல்களில் வழிந்தது. சுட்டதே தெரியவில்லை.

பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறாள்.

நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை போதும்.

அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. திகைப்பு இல்லை.

"புதுசு இல்லக்கா இது," மூஸா திரையைத் தள்ளிக்கொண்டே சொன்னான். "போன ஏப்ரல்லயே வந்துருக்கு. அரைமணி நேர வேலை. சாருதான் கேக்குறப்பல்லாம் 'அப்புறம்', 'அப்புறம்'னு அமுக்கி விட்டுருக்காரு."

ஏப்ரல். கலைமகள் அப்போது உயிரோடு இருந்தாள்.

தமிழ்நிலா அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

இளவழகன் போனைச் சட்டைப்பையில் போட்டான். வாசல் கேட்டைத் திறந்தான். செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தான்.