இருநூற்று முப்பது வோல்ட்

பெட்டி வண்டு மாதிரி உறுமியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான், தூணில் கட்டிப் போட்டிருந்த செல்லச்சாமியின் கிழிந்த உதடும் உடைந்த பல்லும் தெரிந்தன.

“லாரி பேட்டரியில எப்படிலே பல்பு எரியுது?” என்றார் ரத்தினசாமி. அந்தத் தோட்டத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை. கதவடைத்த இஞ்சின் கொட்டகைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு.

“உறுமுதுல்ல மொதலாளி, அதான் வைப்ரேட்டர். பேட்டரிக் கரண்ட மாத்தி மாத்தித் தட்டிவிடுது. அப்பத்தான் இருநூத்து முப்பது வோல்ட்டு ஏறும்” என்றார் ரேடியோ மெக்கானிக் சீனிச்சாமி. திருத்தங்கல் கடையிலிருந்து அவரையும் அடித்துத்தான் இழுத்து வந்திருந்தார்கள்.

செல்லச்சாமியின் தம்பி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவன். ரத்தினசாமியின் தங்கை வீரலட்சுமி அவனோடு போய் மூன்று நாள் ஆகிறது. இடம் தெரிந்தால் இரண்டு பேரையும் வெட்டிப் போட்டுவிடுவார், அந்த மனுஷனுக்கு ஈவிரக்கம் கிடையாது. காலையிலிருந்து மிதித்தும் செல்லச்சாமி வாயைத் திறக்கவில்லை.

“பெட்டி சுடுது மொதலாளி, ஒரு நிமிசம் ஆறட்டும்” என்று சீனிச்சாமி மூடியைக் கழற்றி ஊதினார், மறுபடி மூடினார். பிறகு பல்பைக் கழற்றி, அந்தக் கம்பியைச் செல்லச்சாமியின் கால் விரல்களில் சுற்றினார். பாவி, நறுக்கென்று ஒரு கிள்ளு வேறு.

“நல்லாக் கத்திருலே. அடக்குனா உசுரு போயிரும்.”

ரத்தினசாமியே சுவிட்சைத் தட்டினார். கொட்டகையில் செல்லச்சாமியின் அலறல் மட்டும்தான் கேட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. பின்மண்டை தூணில் மோதி ரத்தம் வழிந்தது.

மூன்றாம் தடவை தட்டியதும் அழுதுவிட்டான்.

“சொல்லிர்றேன் மொதலாளி... விஸ்வநத்தம்... எங்க அத்த வீடு...”

ரத்தினசாமி அவன் நெஞ்சில் ஒரு மிதி மிதித்துவிட்டு அரிவாளை எடுத்தார். ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது.

சீனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டே கட்டை அறுத்தார்.

“அடப்பாவி! வைப்ரேட்டர் என் மடியிலதான இருக்கு! பெட்டியில பொட்டுக் கரண்டு இல்லையேலே. பெறகு எதுக்கு எடத்தச் சொன்ன?”

செல்லச்சாமி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

“விஸ்வநத்தத்துல எனக்கு ஏதுண்ணே அத்த?”