சிவப்புக் கட்டம்

திருடிக்குச் சிரமம் வேண்டாம் என்று மூத்தவள் பைத்துணி வெட்டும் பேட்டர்ன் அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தையல் மேசை மேலேயே வைத்தாள். வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. இந்த நல்ல காரியத்துக்கு இடது கையே போதுமானதாக இருந்தது.

அட்டைகளில் பெரிய பைக்கான அட்டை மட்டும் புதுசு. பழையதை அடியில் வைத்து, நாள் முழுக்க உட்கார்ந்து அவளே வரைந்து வெட்டியது. அளவு, வளைவு, மடிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. பழையதில் கைப்பிடி வரும் இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும். அங்கே துணிக்கு அடியில் முரட்டுக் கேன்வாஸ் துண்டு கொடுத்துத் தைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். புது அட்டையில் அந்தக் கட்டம் இல்லை.

கேன்வாஸ் இல்லாவிட்டாலும் பை பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உழைத்து ஓய்ந்த பழைய துணியல்லவா, கனம் ஏறினால்தான் கைப்பிடி பிய்த்துக்கொண்டு வரும். தலையணை உறை தைத்துப் பழகிய இளையவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இளையவள் என்றால் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பழைய ஜீன்ஸ், கிழிந்த திரைச்சீலை, யாரோ கழித்துப்போட்ட கோட்டு என்று எது கிடைத்தாலும் மூத்தவள் அதைக் கைப்பையாக்கிவிடுவாள். சந்தையில் அவளுக்கென்று ஒரு மேசை உண்டு, 'பைக்கார அக்கா' என்று ஒரு பெயரும் உண்டு. படியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டதிலிருந்து மேசை காலியாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், நாலு நாளைக்கு முன்னால், இளையவள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, சின்னப் பர்ஸ் அட்டைகளைச் செய்தித்தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் இருமியதும் தாளை மெத்தைக்கு அடியில் சொருகினாள்.

"சும்மாதான்க்கா, பெருக்கிட்டு இருந்தேன்."

கையில் துடைப்பம் இல்லை.

போன வருஷமே மூத்தவளுக்கு வயிறு எரிந்திருந்தது. இவள் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இளையவளிடம், எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். "வீட்ல தச்சது" என்றாள் மகராசி. யார் தைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "என் பேரைச் சொன்னா உன் வாய் வெந்துடுமாடி?" என்று மூத்தவள் அன்றைக்குப் போட்ட சண்டையில் வீடே இரண்டுபட்டது.

இந்தத் தடவை சண்டை கிடையாது. சண்டை போட்டால் நாலு சொட்டுக் கண்ணீரில் தப்பித்துவிடுவாள். பை வாங்கியவர்கள் தேடி வந்து நடுவீட்டில் நின்று கேட்க வேண்டும். அதை இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் பெரிய பை அட்டை மேசை மேலேயே இருந்தது, ஆனால் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மூத்தவள் திருப்தியாகக் காபி குடித்தாள்.

அதன் பிறகு இளையவள், "எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்க்கா" என்று தினமும் கிளம்பினாள். மூத்தவளின் துணி மூட்டை நாளுக்கு நாள் இளைத்தது.

ஒருநாள் மூத்தவளுக்குத் தலை வாரிவிடும்போது இளையவள் கேட்டாள். "அக்கா, உங்க போன் நம்பர் அந்தப் பழசுதானே? மாத்திடலையே?"

"ஏன், நான் எங்க போறேன் வர்றேன்னு வேவு பார்க்கவா?"

"அய்யோ, இல்லக்கா!" சிரித்துக்கொண்டே பின்னலை இறுக்கினாள்.

சிரிடி, சிரி என்று மூத்தவள் மனசுக்குள் கறுவினாள்.

சந்தை நாளில் பெரிய மூட்டைகளோடு போன இளையவள் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினாள். முகமெல்லாம் பல்.

"என்னடி இவ்வளவு சந்தோஷம்?"

"குளிச்சிட்டு வந்து ஒரு விஷயம் சொல்றேன்க்கா!"

மெதுவாகச் சொல், அதற்குள் ஊர் சொல்லிவிடும் என்று நினைத்தபடி மூத்தவள் நாற்காலியில் சாய்ந்தாள். வயிறு குளிர்ந்திருந்தது.

போன் அடித்தது. இவளுடைய போன்தான்.

"பைக்கார அக்காவா?"

"ஆமா, சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? மானத்தையே வாங்கிட்டீங்களே! தக்காளி போட்டுத் தூக்கினேன், கைப்பிடி தனியா கையில வருது. தக்காளி பூரா பஸ்ஸுக்கு அடியில!"

மூத்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னிக்குச் சந்தையில வாங்கின பையா? அது நான் தச்சதில்லம்மா. கை உடைஞ்சு நான் ஊசியைத் தொட்டே ரொம்ப நாளாச்சு. தச்சவ நம்பர் தரேன், நல்லா நாலு வார்த்தை கேளுங்க."

"யாருக்குக் காது குத்துறீங்க? பைக்கு உள்ள 'பைக்கார அக்கா'ன்னு நூலால பேரு, அதுக்குக் கீழ இந்த நம்பரு! ஒவ்வொரு பையிலயும் தச்சிருக்கு. எங்க தெருவுல பாதிப் பேரு வாங்கியிருக்காங்க, இருங்க, எல்லார்கிட்டயும் சொல்றேன்."

போனில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அது நின்றதும் வேறொன்று வந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையைத் துவட்டியபடி இளையவள் ஆசையாக எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா? அதுக்குள்ள உங்களுக்கு ஆர்டர் வந்துடுச்சா?"