வேன் வருவதற்கு முன்

"உன் மகன் நல்ல போதையில இருந்தான். சட்டைப் பையில கஞ்சாப் பொட்டலம். கேஸ் போட்டாச்சு, கோட்டைச்சாமி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

லாக்கப்பில் மாரிக்கண்ணன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"அய்யா, அவன் பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குறவன். சீசன் நேரம், வேலை போயிரும். கம்பெனி வேனுக்கு நின்னவனைப் புடிச்சிருக்கீகளே, எந்தப் பயய்யா காட்டிக் கொடுத்தான்?"

"போன்ல தகவல் வந்துச்சு. பேரு சொல்லலை."

"கையில கெடைக்கட்டும், நாக்கை இளுத்து அறுத்துர்றேன்!"

வக்கீலைத் தேடி வெளியே ஓடினார் கோட்டைச்சாமி. வாசலோரம் நின்றிருந்த அவர் மனைவி முருகம்மாள் மேஜையருகே வந்தாள்.

"அய்யா, போன் போட்டது நாந்தான்னு அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பெத்த புள்ளையவாம்மா?"

"எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. போதையில மருந்துல கை வச்சா அவனும் மிஞ்ச மாட்டான், கூட நிக்கிறவுகளும் மிஞ்ச மாட்டாக. நல்லவேளை, வேன் வாறதுக்குள்ள நீங்க வந்துட்டீக."

கம்பிக்குப் பின்னால் மகன் குறட்டை விட்டான். ராத்திரி முழுக்கத் தூங்காத முருகம்மாள் முந்தானையை விரித்து, அங்கேயே சுவரோரம் படுத்துக் கண்ணை மூடினாள்.