தூறலுக்கு என்ன இங்கிலீஷ்?

“தூறலுக்கு இன்னா சொன்னே டீச்சரம்மா?”

“ட்ரிஸ்லிங், மாமா! காலையிலேர்ந்து நாப்பது தபா சொல்லிட்டேன்.”

“டிரி...ஸ்லிங்கு!”

ரக்ஷிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திருமலை மாமா அந்த ஒரு சொல்லைச் சொன்னால் திருச்சானூரில் பாதித் தெரு நனைந்துவிடும்.

ஒரு வாரமாக நாகலாபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி அவளுடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறார், அறுபத்தைந்து வயது விவசாயி. அயர்லாந்து மருமகள் நோராவுடன் பேச வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் வராது, இவருக்கு இங்கிலீஷ் வராது. போன ஞாயிறு போனில் இரண்டு பேரும் அரை மணி நேரம் மூச்சு மட்டும்தான் விட்டார்கள். இன்றைக்கும் ஞாயிறு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவாள்.

“கொட்டினா?”

“போரிங்.”

“விட்டு விட்டு வந்தா?”

“ஆன் அண்ட் ஆஃப். ஏன் மாமா, சாப்ட்டியா, நல்லாக்கிறியான்னு கேக்க மாட்டீங்களா? ஒரு வாரமா என் கிளாஸ்ல மழையே பேஞ்சிக்கினு கீது!”

“எனக்கு அது போதும்மா. அந்த ஊர்ல மணிக்கொரு தபா மழையாம், வெயிலாம். எம்புள்ள திலீப்புக்குச் சின்னதுலேர்ந்தே நாலு சொட்டுப் பட்டாப் போதும், நெஞ்சு கட்டிக்கும். அவன நனைய வுடாதன்னு சொல்லணும்.”

“பச்சக் கொழந்தையா? தலையத் தொவட்டிக்க மாட்டாரா?” என்று சிரித்தாள் ரக்ஷிதா. அவர் சிரிக்கவில்லை. ‘டோன்ட் லெட் ஹிம் கெட் வெட்’ என்று எழுதி வாங்கி முணுமுணுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. திரையில் நோராவின் முகம்.

“ரெயின்?” என்றார் திருமலை.

“ட்ரிஸ்லிங்.”

புரிந்துவிட்டது! திருமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார்: “திலீப்... டோன்ட் லெட் ஹிம் கெட் வெட்.”

நோரா போனை மெல்லத் திருப்பினாள். திருமலை தெரிந்த இடத்தைப் பார்ப்பதுபோல் தலையாட்டினார்; ரக்ஷிதா எட்டிப் பார்த்தாள்.

திலீப் என்று பெயர்ப்பலகை நட்டிருந்த புது மண்மேடு. அதன் தலைமாட்டில் தன் குடையை விரித்து வைத்துவிட்டு, நோரா தூறலில் நனைந்துகொண்டு நின்றாள்.