ஆயிரத்தொன்பது செங்கல்

சூளையில் மலையரசன் அடுக்கினால் செங்கல்லில் ஒரு கோணல் இருக்காது. இதை, கூட வேலை செய்யும் கூடலிங்கத்தின் மனைவி பூவாத்தாள் வாய் ஓயாமல் சொல்லப்போய் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மலையரசனை மடக்க, முதியோர் வகுப்பில் கற்ற வகுத்தலை வைத்து ஒரு வாரம் ஓர் எண்ணைத் தேடினான். எதால் வகுத்தாலும் மீதி விழுகிற ஆயிரத்தொன்பது அகப்பட்டது. மழை விட்ட காலையில், சூளை ஆட்களும் பூவாத்தாளும் பார்க்க அத்தனை கல்லையும் மலையரசன் முன் எண்ணிப் போட்டான்.

“எல்லா வரிசையும் சமமா இருக்கணும், ஒரு கல்லு மிஞ்சக்கூடாது. தோத்துட்டா ஒம் பேரு எங்க வீட்டுல அடிபடக்கூடாதுடா!”

எழுத்தறியாத மலையரசன் பத்துப் பத்தாக வைத்தான், பன்னிரண்டாக வைத்தான். மிஞ்சியது. கூடலிங்கம் நிம்மதியாகப் பீடி பற்றவைத்தான். சற்று யோசித்த மலையரசன் எல்லாவற்றையும் கலைத்து, சூளையடியிலிருந்து சேற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்துக்கொண்டே போனான். கடைசிக் கல் கூடலிங்கத்தின் குடிசை வாசலில் விழுந்தது. கையைத் தட்டிக்கொண்டு சூளைக்குத் திரும்பி வந்தான்.

“ஒரே வரிசைதாண்ணே, மிச்சமில்ல. மதினி, இனிமே கால்ல சேறு ஒட்டாம வீட்டுக்குப் போங்க.”

பூவாத்தாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முதல் கல்லில் கால் வைத்தாள். கூடலிங்கம் சேற்றில் நின்றபடியே அவள் வைக்கும் அடிகளை எண்ணத் தொடங்கினான்.