மெஷினில் ஏதோ சத்தம்

"வாஷிங் மெஷின்ல ஏதோ சத்தம் வருது தம்பி" என்றார் போனில் அந்தப் பக்கத்திலிருந்தவர்.

அறுபதைத் தாண்டிய குரல். கஸ்டமர் கேரில் ஏழெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். குரலை வைத்தே ஆளின் தொப்பை அளவைச் சொல்லிவிடுவேன்.

"என்ன மாதிரி சத்தம் சார்? தடதடன்னா, கிர்ருன்னா?"

நீண்ட யோசனை. "ரெண்டுக்கும் நடுவுல."

இப்போது மெஷின் ஓடுகிறதா என்றேன். இல்லையாம். சத்தம் எப்போது வந்தது? சரியாக ஞாபகம் இல்லையாம். துணி சுற்றும்போதா, தண்ணீர் வடியும்போதா? "எதுன்னு வச்சுக்கலாம் தம்பி?" என்றார், பரீட்சையில் பக்கத்துப் பையனிடம் விடை கேட்பவரைப் போல.

வேறு நாளாக இருந்தால், ஆள் அனுப்புகிறோம் சார் என்று நைசாகக் கழற்றிவிட்டிருப்பேன். ஆனால் இன்று ஆண்கள் தினம். காலையில்தான் ஒரே மணி நேரத்தில் என்னை மனநல நிபுணனாக ஆக்கியிருந்தார்கள்.

அலுவலகத்து ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நீல பலூனும், கூடவே ஒரு வகுப்பும். பலூனை என்ன செய்வதென்று தெரியாமல் தலை நரைத்தவர்களெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அம்மா வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்கும் பிள்ளைகளாக.

"ஆம்பளைங்க மனசைப் பத்திப் பேச மாட்டாங்க. பைக், ஃபேன்னு ஏதாவது ரிப்பேரைப் பத்திப் பேசுவாங்க. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேளுங்க" என்றார் வகுப்பெடுத்த அம்மையார். பிறகு பொதுவாக ஒரு கேள்வி போட்டார்: கடைசியாக எப்போது அழுதீர்கள்?

ஒருவரும் அசையவில்லை. பலூன்கள்கூட அசையவில்லை.

"வெங்காயம் நறுக்கும்போது மேடம்" என்றேன் நான்.

அறையே சிரித்தது. டீம் லீடர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இங்கே எனக்குக் 'காமெடி' என்றுதான் பெயர். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

இப்போது அந்தப் பாடம் தலைக்குள் மணியடித்தது. இல்லாத சத்தம். ஓடாத மெஷின். பட்டப்பகலில் வீட்டில் ஒரு மனிதர்.

அட, இவர் மெஷினைப் பற்றியே பேசவில்லை!

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலையில் படித்து மதியமே நோயாளி கிடைப்பதெல்லாம் டாக்டர்களுக்கே நடக்காது.

"சார், வீட்ல உங்களோட யாராவது இருக்காங்களா?"

"வீட்டுக்காரம்மா கடைக்குப் போயிருக்கா. அவ இருந்தா இப்படிக் கூப்பிட விடமாட்டா. அதான் போகட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. மனைவி வெளியே போகும்வரை காத்திருந்து கூப்பிட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு இந்த மனிதர் ஏதாவது செய்துகொண்டால்?

மேசைமேல் இருந்த குட்டி விளக்கு சிவப்பானது. பேச்சு நீண்டுவிட்டது, முடி என்று அர்த்தம். கண்ணாடி அறையிலிருந்து டீம் லீடர் கழுத்தை நீட்டினார். நான் நாற்காலியோடு திரும்பி முதுகைக் காட்டினேன். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே புரட்சி அதுதான்.

"மெஷினை விடுங்க சார். தப்பா நினைச்சுக்காதீங்க... மனசுல ஏதாவது பாரமா இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"இருக்கு தம்பி."

ஹெட்செட்டை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். "சொல்லுங்க சார். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. நான் இருக்கேன்."

"போன வாரம் தண்ணி ஒழுகுதுன்னு கூப்பிட்டேன். நீங்கதான் எடுத்தீங்க. மெஷினுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், பார்த்துட்டு வந்து சொல்லுங்கன்னீங்க. நான் போனைக் கையில எடுத்துக்கிட்டேதான் போனேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"நான் லைன்ல இல்லைன்னு நினைச்சு அழுதீங்க தம்பி. வாயைப் பொத்திக்கிட்டு அழுவாங்கல்ல, அந்த மாதிரி. அதுகூடப் பரவாயில்ல, மனுஷன்னா அழத்தான் செய்வான். ஆனா நான் நம்பரைச் சொன்ன மறு நொடியே, 'சூப்பர் சார்'னு சிரிச்சீங்க பாருங்க... அதுதான் என்னைத் தூங்க விடல."

பக்கத்து சீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று ஹெட்செட்டின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அவ கடைக்குப் போனதிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். வேற வேற பிள்ளைங்க எடுக்குறாங்க. உங்க குரல் வர்ற வரைக்கும் வச்சு வச்சுத் திரும்ப அடிச்சேன். மெஷின் நல்லாத்தான் ஓடுது."

"அது... ஜலதோஷம் சார்."

கலகலப்பான குரலில்தான் ஆரம்பித்தேன். 'சார்' வரைக்கும் அது தாங்கவில்லை.

அவர் மறுத்துப் பேசவில்லை.

"சரி, ஜலதோஷம்னே வச்சுக்குவோம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.