மூன்று வருஷத்துக்கு ஒரே கட்டணம்

“கரண்டுக்கும் கேஸுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரே ரேட்டும்மா. ஏறவே ஏறாது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு,” என்றான் கெதின், லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி.

ஸ்வான்சியில் காலையிலிருந்தே மழை. வீட்டுக்குள்ளும் அம்மா மென்னா கோட்டைக் கழற்றவில்லை. ஹீட்டரைப் போட்டால் பில் எகிறிவிடும் என்ற பயம்.

“போன வருஷம் இதையே நான் கேட்டப்ப, ‘மாட்டிக்காதே, விலை இறங்கும்’னு தடுத்தவன் நீதானேடா?”

“அப்ப நிலைமை வேற. இப்ப ஏறும்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

“எனக்கு வேண்டாம். மாசா மாசம் மாறுறதே இருக்கட்டும்.”

“ஏம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறே? மூணு வருஷம் கவலையில்லாம இருக்கலாம்!”

குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து கெதின் சிரித்துவைத்தான்.

“ஒப்பந்தத்தை நடுவுல முறிச்சா அபராதம்னு கீழே போட்டிருக்கான் பாரு. நீ வீட்டை விக்கிறப்ப அது உன் தலையிலதான் விழும்.”

“நான் எதுக்கும்மா வீட்டை விக்கப்போறேன்?”

மென்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் தனியே அழைத்து, அம்மா கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று சொல்லியிருந்தார். அவளிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னவன், இன்றுவரை வாயே திறக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்கும் உங்களுக்கும் நடுவுல வெறும் திரைதானேடா இருந்துச்சு,” என்றாள் மென்னா. “அந்த டாக்டருக்குக் குரலும் பெருசு. நீ அழுததும் கேட்டுச்சு.”